பைத்தானா ஃபோர்ட்ரானா, சயின்ஸ் பக்கம் போறவங்க எந்த புரோகிராமிங் லாங்குவேஜ கத்துக்கலாம்?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பிஎஸ்சி பிசிக்ஸ் படிக்கிற பசங்க கேட்டா எல்லாரும் பைத்தான்னுதான் சொல்றாங்க, தப்பில்ல, 1991ல வந்தது, கத்துக்க ஈஸி, பெரிய லேப்டாப் கூட வேணாம், கூகுள் கோலாப்ல பிரவுசர்லயே ஓட்டலாம். வானியல், ஜீனோம்னு எங்க போனாலும் கைகொடுக்கும், நடுவுல ஃபீல்டு மாத்தினாலும் வேஸ்ட் ஆகாது.

ஆனா ஃபோர்ட்ரான பழசுன்னு தள்ளிடாதீங்க ப்ளீஸ். 1957ல ஐபிஎம் வெளியிட்டது, இன்னிக்கும் டபிள்யூஆர்எஃப் மாதிரி, வானிலைய கணக்கு போட்டு சொல்ற கம்ப்யூட்டர் மாடல் பெரும்பாலும் அதுலதான் இருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையில நம்ம ஏரியால தண்ணி நின்னுச்சுல்ல, அந்த மாதிரி மழை எங்க எவ்ளோ கொட்டும்னு கணக்கு போடற வேலைக்கு போகணும்னா மாடல் குடுத்த ரிசல்ட்ட பைத்தான்ல மேப்பா வரைஞ்சா மட்டும் பத்தாது, மேகம் எப்படி உருவாகுது, மழையா எப்ப விழுதுன்னு உள்ள எழுதியிருக்கற கோட தொறந்து மாத்தவும் தெரியணும். அது தெரிஞ்சவங்க கேக்கற ஆராய்ச்சி கேள்வியே வேற மாதிரி இருக்கும், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது.

என்னைக் கேட்டா மொதல்ல பைத்தான், கிளைமேட் பக்கம்தான் பிஎச்டின்னு முடிவானா உடனே ஃபோர்ட்ரான். ஜிஃபோர்ட்ரான் கம்பைலர், அதாவது நாம எழுதுற கோட கம்ப்யூட்டர் ஓட்டற மாதிரி மாத்திக் குடுக்கற சாஃப்ட்வேர், ஃப்ரீயாவே கிடைக்குது.