மூன்று வருடமாகக் கலர் கீஃப்ரேம்: வாசல் ஷாட்டும் ஓர் அரக்குப் புடவையும்

நான் வீடியோ எடிட் செய்கிற மென்பொருளின் விலை குறைந்திருக்கிறதாமே, வாங்கலாமா, கலர் கீஃப்ரேம் (ஷாட் ஓட ஓட நிறத்தை மாற்றும் வசதி) எல்லாம் அதில் எப்படி என்று நண்பன் போனில் கேட்டு நான்கு நாள் ஆகிறது. அன்றைக்கு அவனிடம் ஒழுங்காகப் பேச முடியவில்லை, முடித்துக் கொடுத்த கல்யாண வீடியோ ஒன்றை மறுபடி ரெண்டருக்கு, அதாவது முழு வீடியோ ஃபைலாக வெளியே எடுக்க, போட்டுவிட்டுக் கடுப்பில் உட்கார்ந்திருந்தேன். மென்பொருளின் பெயர் இங்கே வேண்டாம், கேட்டவனுக்குத் தெரியும். மூன்று வருடமாக என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

எங்கள் வேலையில் தவிர்க்கவே முடியாத ஒரு ஷாட் உண்டு. பெண்ணை அலங்கார அறையிலிருந்து பந்தலுக்கு அழைத்து வருவார்கள், ஆட்டம் தெரியாமல் கேமராவைப் பிடிக்கிற கிம்பலில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். அறைக்குள் மஞ்சள் விளக்கு, 3200 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்). வாசலைத் தாண்டினால் காலை ஒன்பது மணி வெளிச்சம், 5600க்குப் பக்கம். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைக் கேமராவே சரிசெய்கிற ஆட்டோ வொயிட் பேலன்ஸை நம்பினால் நடு ஷாட்டில் அது இஷ்டத்துக்குத் தாவும், அதனால் 3200லேயே பூட்டிவிடுவேன். அறையில் முகம் அழகாக இருக்கும், வெளியே வந்ததும் பந்தல், ஐயர், வாழைமரம் எல்லாம் நீலம். அதைச் சரிசெய்யத்தான் கீஃப்ரேம்: ஷாட்டில் ஓரிடத்தில் ஒரு அளவைப் புள்ளியாகப் பதிந்துவைத்தால், அடுத்த புள்ளிவரை மென்பொருளே அதை மெல்ல மாற்றிக்கொண்டு போகும்.

இந்த இடத்தில் மென்பொருளைப் பாராட்டாமல் இருக்க முடியாது. கலர் டெம்பரேச்சரைக் கெல்வின் எண்ணாகவே காட்டுகிறது, கீஃப்ரேம்களுக்கு நடுவே வளைவை இழுத்து மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கவும் விடுகிறது. முதல் வருடம் வாசலுக்கு முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி என்று நேர்கோட்டில் வைத்துப் பார்த்தேன், ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. 3200க்கும் 5600க்கும் நடு எண் 4400, ஆனால் கண்ணுக்குப் பாதி மாற்றமாகத் தெரிவது 4100க்குப் பக்கத்தில். பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்தால் வருகிற மிரெட் அளவில் பார்த்தால் விளங்கும்: 3200 என்பது 312, 5600 என்பது 179, இரண்டுக்கும் நடுவில் 245 சொச்சம், அதைத் திரும்பக் கெல்வினாக்கினால் 4070 வருகிறது. அதாவது நேர்கோட்டில் விட்டால் பாதி நேரத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாற்றம் முடிந்துபோகும். இப்போது நடுவில் 4100க்கு ஒரு புள்ளி சேர்த்துவிடுகிறேன். ஆறு விநாடி, 25 ஃபிரேம் கணக்கில் 150 ஃபிரேம், அதற்குள் பெண் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிறாள், எங்கே நிறம் மாறியது என்று எனக்கே சுட்டிக்காட்ட முடியவில்லை. முதல்முறை அப்படி வந்தபோது நாலைந்து தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

சரி, இப்போது கடுப்பு. இதில் கீஃப்ரேம் பதிவாவது ஸ்லைடர் வாரியாக இல்லை, பல நிறத் திருத்தங்களை ஒன்றாக வைத்திருக்கும் பெட்டியான நோடு வாரியாக. டெம்பரேச்சருக்காக ஒரு புள்ளி வைத்தால் அந்த நோடில் இருக்கிற கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி) எல்லாமும் அந்தப் புள்ளியில் பதிவாகிவிடும். அதோடு தானாகப் பதிவுசெய்யும் பொத்தான் வேறு, ஒருமுறை அழுத்திவிட்டால் நாமாக அணைக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும், அதன் அளவோ மிளகு அளவு. போன மாதம் பெண்ணின் முகம் கொஞ்சம் சிவப்பாக இருக்கிறதே என்று நடு ஷாட்டில் நிறுத்தி லேசாகக் குறைத்தேன். கிளிப் முழுக்கக் குறைந்தது என்றுதான் நினைத்தேன், அந்த ஒரு ஃபிரேமில் மட்டும் புதுப் புள்ளி விழுந்திருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் நிறம் மெல்ல நகர்ந்திருக்கிறது. இப்படி மெல்ல நடக்கிற மாற்றத்தை எடிட் செய்கிறவன் கண்ணால் பிடிக்க முடியாது, நிறத்தை வரைபடமாகக் காட்டும் ஸ்கோப்பைப் பார்த்தபடி ஓட்டினால்தான் தெரியும்.

பெண்ணின் அம்மா பிடித்துவிட்டார். "தம்பி, நாங்க எடுத்தது அரக்குக் கலர் புடவை. ரூம்ல அரக்கா இருக்கு, நடுவுல பழுப்பா தெரியுது, பந்தலுக்கு வந்தா திரும்ப அரக்காகுது" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. மூன்று மணி நேர வீடியோ, ராத்திரி முழுக்க மறு ரெண்டர்.

நியாயமாகப் பார்த்தால் வழி இல்லாமல் இல்லை. மொத்த ஷாட்டுக்குமான வொயிட் பேலன்ஸுக்கு ஒரு நோடு, அதில் புள்ளியே வைக்கக்கூடாது. டெம்பரேச்சர் மாற்றத்துக்குத் தனியாக ஒன்று, அதில் வேறு எதையும் தொடக்கூடாது. முகத்துக்கு மூன்றாவது. இப்படிப் பிரித்து வேலைசெய்தால் பிரச்சினை வராது, நானும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் சீசனில் வாரத்துக்கு நான்கு கல்யாணம் இருக்கும்போது, இரவு இரண்டு மணிக்கு எந்த நோடில் நிற்கிறோம் என்று எல்லோருக்கும் நினைவிருக்காது. அந்த நேரத்தில் காப்பாற்றாத மென்பொருளை நான் எப்படி நல்லது என்று சொல்வது?

அதனால் நீ இப்போதைக்கு வாங்காதே. உன்னிடம் இருக்கிற எடிட்டரிலேயே அந்த ஷாட்டை வாசலில் வெட்டு, இரண்டு பாதிக்கும் தனித்தனியாகக் கலர் செய், நடுவில் 40 ஃபிரேம் கிராஸ் டிசால்வ் போடு, ஒன்று மறைய மறைய மற்றது தெரியும். ஒரே ஷாட்டின் அடுத்தடுத்த துண்டுகள் என்பதால் வெட்டு தெரியாது, நிறம் மட்டும் மாறும். நான் ரெண்டுக்கு நடுவில் வளைவை இழுத்துச் செய்கிற நயம் அதில் வராது, அது உண்மைதான். ஆனால் புடவை கடைசிவரை அரக்காகவே இருக்கும்.