திரையில் 60, காலடியில் 38: அகச்சிவப்பு சவுனாவுடன் மூன்று குளிர்காலங்கள்

ரொறன்ரோவின் ஸ்கார்பரோ பகுதியில் உள்ள எங்கள் வீட்டு நிலவறையில், இருவர் அமரக்கூடிய அகச்சிவப்பு சவுனாச் சிற்றறை (கதிர்களால் உடலைச் சூடாக்கி வியர்க்கவைக்கும் அறை) ஒன்று மூன்று குளிர்காலங்களாக இருந்துவருகிறது. நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு நாள்கள் அதற்குள் அமர்கிறேன். வாங்கும்போது நான் கேட்ட முதல் கேள்வி, அது எத்தனை பாகை வரை சூடாகும் என்பதுதான். கடைக்காரர் 65 பாகை செல்சியஸ் என்றார். வேறொரு கடையில் 60 என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஐந்து பாகைக்காகக் கூடுதலாகப் பணம் கொடுத்தேன். முதல் மாதத்துக்குப் பிறகு அந்த ஐந்து பாகையை நான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை.

முதல் மாதத்தில் கடைக்காரர் சொன்னபடியே செய்தேன். சிற்றறையின் வெப்பநிலைத் திரையில் 65 வரும்வரை முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்து, உள்ளே போய் நாற்பத்தைந்து நிமிடம் அமர்ந்தேன். மூன்றாம் தடவை எழுந்து நின்றபோது கண் இருண்டது. கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு மீண்டும் அமர்ந்துவிட்டேன். சூட்டினால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும்போது திடீரென எழுந்தால் இரத்த அழுத்தம் சரியும் என்பதை அதற்குப் பிறகுதான் படித்து அறிந்தேன். அன்று முதல் எழுவதற்கு முன் இரண்டு நிமிடம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கால்களை அசைத்தபடி அமர்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது.

பின்லாந்து முறைச் சவுனாவில் கல்லடுப்பு முதலில் காற்றைச் சூடாக்குகிறது. அங்கே 80 முதல் 100 பாகை வரை காற்று சூடாக இருக்கும், உடலும் பெரும்பாலும் அந்தக் காற்றிலிருந்தே சூட்டைப் பெறும். அகச்சிவப்பு முறை நாம் சிறுவயதில் மார்கழி விடியலில் குப்பை கொளுத்திக் குளிர்காய்ந்தது போன்றது. சுற்றியுள்ள காற்று குளிர்ந்தே இருக்கும், முதுகிலும் பனி இறங்கிக்கொண்டிருக்கும். ஆனால் நெருப்பைப் பார்த்த முகமும் உள்ளங்கையும் காய்ந்துவிடும். நெருப்பிலிருந்து நேராக வரும் கதிர்களே அந்த வேலையைச் செய்கின்றன. வெக்கை வேறு, புழுக்கம் வேறு என்று நம் மொழி பிரித்து வைத்திருக்கிறது. சிற்றறையின் வெப்பமானியோ காற்றின் சூட்டை மட்டுமே அளக்கிறது. ஆகவே 50 பாகை என்று திரை காட்டும்போது என் உடல் பெறும் வெப்பம் எவ்வளவு என்பதற்கு அந்த எண் பாதி விடையைத்தான் தருகிறது.

அந்தப் பாதி விடையும் எங்கே அளக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. என் சிற்றறையில் வெப்பமானியின் உணரி பின்சுவரின் மேற்பகுதியில், கூரையை ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கிறது. சமையலுக்கு வாங்கிய வெப்பமானியை வெவ்வேறு உயரங்களில் தொங்கவிட்டு ஒரு மாலை முழுவதும் அளந்து பார்த்தேன். திரை 60 காட்டியபோது, அமர்ந்திருப்பவரின் நெஞ்சு மட்டத்தில் 51, காலடியில் 38. வெளியே உறைபனி விழும் நாள்களில் நிலவறையே 17 பாகைக்கு இறங்கிவிடும் என்பதால் காலடி இன்னும் குளிர்ந்திருக்கும். ‘தலை வேகிறது, கால் விறைக்கிறது’ என்று மனைவி சொன்னதற்குக் காரணம் இதுவே.

இரண்டாம் குளிர்காலத்தில்தான் எனக்கு மிகவும் பயன்பட்ட ஒன்று புரிந்தது. திரையில் நாம் வைக்கும் எண், காற்று அந்த அளவைத் தொட்டதும் கதிர்களை வீசும் சூடேற்றிப் பலகைகளுக்கு மின்சாரத்தை நிறுத்தும் ஓர் எல்லை மட்டுமே. இதமாக இருக்கட்டும் என்று 45 வைத்தால், காற்று 45 ஐத் தொட்ட சில நிமிடங்களில் பலகைகள் ஆறத் தொடங்கும். கதிர் குறைந்து, வெறும் வெதுவெதுப்பான அலமாரிக்குள் அமர்ந்திருப்பது போலாகிவிடும். ஆகவே இப்போது எல்லையை 60 இல் வைத்துவிட்டு, சிற்றறை 42 அல்லது 43 ஐத் தொடும்போதே உள்ளே போய்விடுகிறேன். பலகைகள் இடைவிடாமல் எரிகின்றன, காற்றோ மூச்சுக்கு இதமாக இருக்கிறது. கூரையிலுள்ள காற்றுத் துளையைப் பாதி திறந்து வைத்தால், அரைமணி நேரம் முடியும்போதுகூடத் திரை 54 ஐத் தாண்டுவதில்லை. வியர்வை பன்னிரண்டாம் நிமிடமளவில் தொடங்குகிறது. 65 இல் அமர்ந்த நாள்களைவிடக் குறைவாக வியர்ப்பதாகவும் தெரியவில்லை.

எங்களுடையது காபன் பலகை. பரப்பு பெரிது, மேற்பரப்பின் சூடு மிதமானது. பீங்கான் குழல் வைத்தவை சிறிய பரப்பில் கடுஞ்சூடாக இருப்பதால், முதுகில் ஓரிடம் மட்டும் சுடுவதாக நண்பர் ஒருவர் குறைப்பட்டுக்கொள்கிறார். எதுவாயினும் வெறும் முதுகைப் பலகைமீது சாய்ப்பது நல்லதல்ல. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் படும் அகச்சிவப்புச் சூடு, காலப்போக்கில் தோலில் வலைபோன்ற பழுப்புத் தழும்பை உண்டாக்கக்கூடும். மரச் சாய்வும் மடித்த துவாயும் இடையில் இருக்கட்டும்.

விற்பனைப் பேச்சைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. கிழக்குப் பின்லாந்தில் 2,315 ஆண்களை இருபது ஆண்டளவு தொடர்ந்து கவனித்து 2015 இல் வெளிவந்த ஆய்வைக் காட்டி, இதயத்துக்கு நல்லது என்று எனக்கும் சொன்னார்கள். அது ஏறத்தாழ 80 பாகையில் கல்லடுப்புச் சவுனாவில் அமர்ந்தவர்களைப் பற்றியது. இத்தகைய சிற்றறைகள் வீசும் சேய்மை அகச்சிவப்புக் கதிர் (அலைநீளம் கூடிய அகச்சிவப்பு) தசைக்குள் ஆழமாக இறங்கும் என்பதும் சரியல்ல. அது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான ஆழத்திலேயே தோலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது, பிறகு இரத்தம்தான் சூட்டை உள்ளே கொண்டுசெல்கிறது. நச்சை வியர்வை வெளியேற்றும் என்ற பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதற்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

அகச்சிவப்புக்கென்றே அளவு வகுத்துச் செய்யப்பட்ட முறை ஒன்று ஜப்பானில் உண்டு. ககோஷிமாவைச் சேர்ந்த இதய வைத்தியர் சூவா தெய் 1989 இல் தொடங்கிய ‘வாவோன்’ சிகிச்சையில், நோயாளி 60 பாகைச் சிற்றறையில் பதினைந்து நிமிடம் மட்டுமே இருக்கிறார். பிறகு வெளியே முப்பது நிமிடம் போர்வையால் சுற்றப்பட்டுப் படுத்திருந்து, இழந்த நீருக்கு ஈடாகத் தண்ணீர் குடிக்கிறார். உடலின் உட்சூடு ஒரு பாகையளவு உயர்ந்தால் போதும் என்பது அதன் கணக்கு. அது வைத்தியர் மேற்பார்வையில் நடப்பது, இதய நோயுள்ளவர்கள் வீட்டில் தாமாகச் செய்து பார்க்கவேண்டியதன்று. ஆனால் வெளியே ஓய்ந்திருக்கும் நேரம் உள்ளே இருந்த நேரத்தின் இருமடங்கு என்ற ஒன்றை நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். முன்பு வெளியே வந்த கையோடு குளித்துவிட்டுப் படியேறுவேன். அன்றிரவு தலை கனக்கும். இருமடங்கு நேரம் முடியாவிட்டாலும், இப்போது நிலவறைச் சாய்கதிரையில் போர்த்திக்கொண்டு இருபது நிமிடமாவது இருக்கிறேன். உள்ளே போகுமுன்னும் வந்தபின்னும் நிறுத்துப் பார்த்ததில் நானூறு கிராம் வரை குறைந்திருந்தது. அது முழுவதும் தண்ணீர் என்பதால், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரை இரண்டு குவளை குடித்து ஈடுசெய்கிறேன்.

அம்மா வந்திருந்தபோது தாமும் அமர்ந்து பார்க்க விரும்பினார். அவர் இரத்த அழுத்தக் குளிசை எடுப்பவர் என்பதால் வைத்தியரிடம் கேட்ட பின்பே, கதவைச் சற்றுத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் அமர்த்தினோம். சிறுநீர் பெருக்கும் மருந்து எடுப்பவர்கள், தோலில் மருந்துப் பட்டி ஒட்டியிருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரும் முதலில் கேட்டுக்கொள்ளவேண்டும். மது அருந்திவிட்டு யாருமே போகக்கூடாது.

வாங்க எண்ணுபவர்கள் மின்னிணைப்பை முதலில் பாருங்கள். இங்குள்ள 120 வோல்ட், 15 அம்பியர்ச் செருகி தொடர்ச்சியான சுமைக்கு 1,440 வாட் வரைதான் தாங்கும். எங்களுடையது 1,750 வாட் என்பதால் தனியாக 20 அம்பியர் இணைப்பு இழுக்கவேண்டியிருந்தது. இந்தச் செலவைக் கடையில் யாரும் சொல்லவில்லை. காலடிக் குளிருக்கு மட்டும் இன்னும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. இப்போதைக்கு ஓரடி உயர முக்காலி ஒன்றைப் போட்டுக் கால்களை அதன்மேல் வைத்துக்கொள்கிறேன். அந்த மட்டத்தில் 44 பாகை இருக்கிறது.