வீட்டுச் சந்தை படுத்தால் டைட்டில் வேலையில் எந்த இடம் தாங்கும்?

வாங்கிய வீட்டின் உரிமையில் பழைய வில்லங்கம் கிளம்பினால் நஷ்டத்தை ஈடுகட்டுவது டைட்டில் இன்ஷூரன்ஸ். அமெரிக்காவில் இதற்கான பிரீமியத்தை ஒரே ஒரு முறைதான் கட்டுகிறார்கள். வீடு கைமாறும் நாளில், அல்லது புதுக்கடன் எழுதும் நாளில். கார் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஊரே மந்தமானாலும் பழைய வாடிக்கையாளர்கள் வருடா வருடம் பணம் கட்டுவார்கள். டைட்டில் கம்பெனிக்கு அந்த வசதி கிடையாது. வீடு விற்கவில்லை, கடன் மாறவில்லை என்றால் அந்த மாதம் கல்லாவில் ஒன்றும் விழாது. மற்ற இன்ஷூரன்ஸ் பிரிவுகளைவிட இங்கே ஆட்குறைப்பு சீக்கிரம் வருவதற்கு இதுதான் காரணம்.

டைட்டில் வேலை என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல விதம். ஊர் ஏஜென்சியில் இருப்பவர், பாலிசிக்குப் பொறுப்பேற்கும் கம்பெனியான அண்டர்ரைட்டரின் நேரடிக் கிளையில் இருப்பவர், தவணை தவறி ஏலத்துக்குப் போகும் வீடுகளை மட்டும் பார்க்கும் டிஃபால்ட் கம்பெனியில் இருப்பவர், அப்புறம் இவர்கள் எல்லோருக்கும் சென்னையிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்து இரவு ஷிஃப்ட்டில் ஆவணம் தேடித் தரும் நாங்கள். ஒரு சரிவு இந்த நாலு பேரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. எந்த மாதிரிச் சரிவு என்று பார்த்த பிறகுதான் எந்த இடம் நல்லது என்று சொல்ல முடியும்.

இரண்டு சரிவுகள், இரண்டு விதம்

2005இல் அமெரிக்காவில் 70 லட்சத்துக்கு மேல் பழைய வீடுகள் கைமாறின. 2008இல் அது சுமார் 41 லட்சம். இன்னொரு பக்கம், 2021இல் 61 லட்சம் விற்றது 2023இல் 41 லட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. 2024இல் இன்னும் கொஞ்சம் குறைந்து 40.6 லட்சம், 1995க்குப் பிறகு மிகக் குறைவு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே சரிவுதான்.

ஆனால் 2008இல் வீட்டு விலையே விழுந்தது. கடன் வீட்டு மதிப்பைவிட அதிகமாகி, தவணை கட்ட முடியாமல் லட்சக்கணக்கானவர்கள் வீட்டை இழந்தார்கள். 2010இல் மட்டும் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஃபோர்க்ளோஷர் (தவணை தவறிய வீட்டை எடுத்துக்கொள்ளும் நடவடிக்கை) நோட்டீஸோ ஏல அறிவிப்போ வந்தது. 2022க்குப் பிந்தைய சரிவில் விலை அப்படி விழவில்லை. 2021 ஜனவரியில் 2.65 சதவீதம் வரை இறங்கிய 30 வருட வீட்டுக் கடன் வட்டி, 2023 அக்டோபரில் 7.79 சதவீதத்தைத் தொட்டது. 3 சதவீதக் கடன் வைத்திருப்பவர் அதை விட்டுவிட்டு 7 சதவீதத்துக்கு ஏன் மாற வேண்டும்? வீட்டை விற்கவும் இல்லை, கடனை மாற்றவும் இல்லை, தவணையும் ஒழுங்காகக் கட்டுகிறார். 2023இல் ஃபோர்க்ளோஷர் பட்டியலுக்கு வந்த வீடுகள் 3.57 லட்சம்தான், 2010இல் வந்ததில் எட்டில் ஒரு பங்கு.

முதல் சரிவில் ஒரு வேலை போனால் இன்னொரு வேலை முளைத்தது. இரண்டாவதில் எல்லாப் பக்கமும் ஒன்றாக வறண்டது. இதைக் கவனிக்காமல் "மந்தம் வந்தால் டிஃபால்ட் பக்கம் போய்விடு" என்று 2008 அனுபவத்தை வைத்து ஆலோசனை சொன்னவர்களை நம்பி 2022இல் மாறியவர்களுக்கு அங்கே போதிய வேலை இருக்கவில்லை.

ஊர் ஏஜென்சியா, அண்டர்ரைட்டர் கிளையா?

அண்டர்ரைட்டர்களில் பெரியவை நாலு: ஃபிடெலிட்டி நேஷனல், ஃபர்ஸ்ட் அமெரிக்கன், ஓல்ட் ரிபப்ளிக், ஸ்டூவர்ட். இவர்களுக்காகப் பாலிசி எழுதித் தரும் ஏஜென்சிகள் பிரீமியத்தில் பெரும்பகுதியைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. டெக்சாஸில் 85 சதவீதம் ஏஜென்ட்டுக்கு, 15 சதவீதம் அண்டர்ரைட்டருக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேடுதல், சரிபார்த்தல், க்ளோசிங் (கையெழுத்தும் பணமும் கைமாறி விற்பனை முடிவது) நடத்துதல், ஆள் சம்பளம், வாடகை எல்லாம் அந்த 85க்குள்தான். டெக்சாஸில் பிரீமியத்தை மாநிலமே நிர்ணயிப்பதால் விலையைக் குறைத்து வாடிக்கையாளரைப் பிடிக்கவும் முடியாது.

சின்ன ஏஜென்சியின் பலம் உள்ளூர் உறவு. வீட்டுத் தரகர்கள், கடன் அதிகாரிகள், பரம்பரைச் சொத்து வழக்கு பார்க்கும் வக்கீல்கள் ஆகியோரோடு பழக்கம் உள்ள ஏஜென்சிக்கு மந்தத்திலும் கொஞ்சம் ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். ஜனங்கள் சாவதும் விவாகரத்து செய்வதும் வட்டி விகிதம் பார்த்து நடப்பதில்லை. முதலாளிக்கு ஆட்களை முகம் தெரியும், உடனே அனுப்ப மனம் வராது. ஒரே ஆள் தேடுவார், ஃபைல் திறப்பார், க்ளோசிங்கும் நடத்துவார். வேறெங்கும் இவ்வளவு வேகமாக வேலை கற்க முடியாது.

இதில் ஒரு ஆபத்து உண்டு. க்ளோசிங் பணம் முழுவதும், மற்றவர் பணத்தைப் பொறுப்பாக வைத்திருக்கும் ஏஜென்சியின் எஸ்க்ரோ கணக்கு வழியாகத்தான் போகிறது. வாங்குபவரின் முன்பணம், வங்கியின் கடன் தொகை, விற்பவரின் பழைய கடனை அடைக்க வேண்டிய தொகை எல்லாமே அங்கே நிற்கும். மந்தத்தில் சம்பளத்துக்குப் பணம் இல்லாத முதலாளி அதில் கை வைக்க ஆரம்பித்தால், இன்றைய க்ளோசிங் பணத்தில் நேற்றைய கடனை அடைக்கும் நிலை வரும். அமெரிக்க நில உரிமைச் சங்கமான ஆல்டாவின் நடைமுறை விதிகள் மாதாமாதம் மூன்று பக்கக் கணக்குச் சரிபார்ப்பைக் கேட்பது இதற்காகத்தான்: வங்கி அறிக்கை, செக் புத்தகக் கணக்கு, ஒவ்வொரு ஃபைலிலும் நிற்கும் மீதி, மூன்றும் பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். பழைய கடனை அடைக்கும் செக் நாள் கணக்கில் தாமதமாகிறதா? க்ளோசிங் முடிந்த பத்திரம் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பதிவகத்துக்குப் போகாமல் மேசையிலேயே கிடக்கிறதா? அப்படியானால் சம்பளம் ஒழுங்காக வந்தாலும் அந்த இடத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். எஸ்க்ரோ அலுவலராக உங்கள் கையெழுத்து அந்த ஃபைல்களில் இருக்கிறது.

அண்டர்ரைட்டர் கிளையில் இந்தக் கவலை ரொம்பக் குறைவு. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு, பயிற்சி எல்லாம் முறையாக இருக்கும். ஆனால் பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனிகள் திறந்த ஆர்டர் எத்தனை, முடித்த ஆர்டர் எத்தனை என்று முதலீட்டாளர்களுக்குக் காலாண்டுதோறும் சொல்லியாக வேண்டும். ஆர்டர் இறங்கினால் ஆள் எண்ணிக்கையையும் இறக்குவார்கள். முகம் பார்க்க மாட்டார்கள்.

பெரிய பெயரும் உத்தரவாதம் இல்லை. நாட்டின் பெரிய டைட்டில் குழுமங்களில் ஒன்றான லேண்ட்அமெரிக்கா 2008 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. வீட்டு விற்பனை சரிந்ததோடு, வரி தள்ளிப்போடும் சொத்துப் பரிமாற்றங்களுக்காக வாடிக்கையாளர்கள் ஒப்படைத்த பணத்தை அது போட்டுவைத்திருந்த, அவ்வப்போது ஏலத்தில் வட்டி முடிவாகும் முதலீட்டுப் பத்திரங்கள் விற்க முடியாமல் உறைந்ததுதான் கழுத்தை நெரித்தது. அதன் அண்டர்ரைட்டர் பிரிவுகளான லாயர்ஸ் டைட்டிலையும் காமன்வெல்த்தையும் ஃபிடெலிட்டி வாங்கிக்கொண்டது, பாலிசி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். ஊழியர்களின் கதை வேறு. இரண்டு கம்பெனி ஒன்றானால் ஒரே தெருவில் இரண்டு கிளை எதற்கு?

எஸ்க்ரோ கணக்கு சுத்தமாக இருக்கிற, முதலாளி பழைய மந்தம் ஒன்றைத் தாண்டி வந்திருக்கிற ஊர் ஏஜென்சி கிடைத்தால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற ஏஜென்சி என்றால், கிளையே மேல்.

டிஃபால்ட் வேலை

2008 மாதிரிச் சரிவில் இங்கே வேலை குவியும். நுணுக்கமான வேலையும்கூட. ஏலத்துக்கு முன் அந்த வீட்டின் மேல் இரண்டாம் அடமானம், கட்டடக் கூலி பாக்கி, தீர்ப்புக் கடன் எது இருந்தாலும் கண்டுபிடித்து உரியவருக்கு நோட்டீஸ் போயிற்றா என்று பார்க்க வேண்டும். மத்திய வரித் துறையின் லியன் (வரி பாக்கிக்காக வீட்டின் மேல் உள்ள பிடி) இருந்தால், நீதிமன்றத்துக்குப் போகாத ஏலத்துக்கு 25 நாள் முன்னதாகவே அந்தத் துறைக்கு அறிவிக்க வேண்டும். ஏலத்துக்குப் பிறகும் வீட்டை மீட்டுக்கொள்ள அதற்கு 120 நாள் உரிமை உண்டு. டெக்சாஸில் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஏலம் என்பதால் அதற்கு முந்தைய வாரங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. நியூ ஜெர்சி, நியூயார்க், ஃபுளோரிடாவில் ஒவ்வொன்றும் கோர்ட் வழியாகப் போவதால் வேலை வருடக்கணக்கில் நீளும்.

பலவீனம் என்னவென்றால், இந்த வேலை வருவதும் நிற்பதும் சந்தையின் கையில் மட்டும் இல்லை. 2010 இலையுதிர் காலத்தில், படிக்காமலே ஆயிரக்கணக்கான உறுதிமொழிப் பத்திரங்களில் வங்கி ஊழியர்கள் கையெழுத்துப் போட்டது வெளிவந்தபோது பெரிய வங்கிகள் ஏலங்களை நிறுத்தின. 2020 மார்ச்சிலிருந்து 2021 ஜூலை வரை மத்திய அரசு ஆதரவுள்ள கடன்களுக்கு ஏலமே தடை. மற்ற டைட்டில் அலுவலகங்கள், குறைந்த வட்டிக்குக் கடனை மாற்றும் ரீஃபைனான்ஸ் அலையில் ஆள் போதாமல் திணறிக்கொண்டிருந்த அதே மாதங்களில் டிஃபால்ட் கம்பெனிகள் ஆர்டர் இல்லாமல் காய்ந்தன. வங்கி மொத்தமாக வேலை கொடுப்பதால் ஃபைலுக்குக் கிடைக்கும் தொகையும் குறைவு. ஒரு வங்கி ஒப்பந்தம் போனால் ஒரு தளமே காலி. கற்றுக்கொள்ள நல்ல இடம், தங்குவதற்கு இல்லை.

சென்னை பக்கம்

இங்கே நடப்பது அங்கே நடப்பதன் நிழல், கொஞ்சம் இன்னும் கடுமையாக. ரீஃபைனான்ஸ் அலையில் எங்கள் தளங்களில் நிரம்பியது பெரும்பாலும் கரன்ட் ஓனர் சர்ச். இப்போதைய உரிமையாளர் வாங்கிய பத்திரத்திலிருந்து இன்று வரை பார்த்தால் போதும், சீக்கிரம் பழகிவிடலாம். அதனாலேயே வட்டி ஏறியதும் அந்த மேசைகள்தான் முதலில் காலியாகும்.

எதிர்த்திசையில் ஒன்று வளர்ந்தது. பழைய 3 சதவீதக் கடனை விட மனமில்லாதவர்கள் வீட்டு மதிப்பை ஈடாக வைத்து, வேண்டியபோது எடுத்துக்கொள்ளும் ஹெலாக் கடனைத் தனியாக வாங்குகிறார்கள். பல வங்கிகள் அதற்கு முழு டைட்டில் பாலிசி கேட்பதில்லை. உரிமை யாருடையது, மேலே என்ன கடன் இருக்கிறது என்று ஒரு ஓ அண்ட் ஈ ரிப்போர்ட் போதும். நம் ஊர் வில்லங்கச் சான்று மாதிரிதான். விலை குறைவு, ஆனால் ஆர்டர் வருகிறது.

என் தீர்மானம் வேறு பக்கம். 40 வருட, 60 வருட ஃபுல் சர்ச்சும், அதில் கிளம்பும் குறைகளைத் தீர்க்கும் கியூரேட்டிவ் வேலையும் கற்றவரை எந்தச் சரிவிலும் கடைசியில்தான் தொடுகிறார்கள். அடைத்த கடனுக்கு ரிலீஸ் பதிவாகாதது, பத்திரத்தில் மனைவியின் கையெழுத்து விட்டுப்போனது, இறந்தவரின் வாரிசுகளில் ஒருவர் காணாமல் போனது போன்ற ஃபைல்கள் மந்தத்திலும் நிற்பதில்லை. இப்போது ஆர்டர் குறைவாக இருக்கும் ஷிஃப்ட்டில் டீம் லீடரிடம் கேட்க வேண்டியது அதைத்தான்: தினமும் ஒரு ஃபுல் சர்ச், பென்சில்வேனியா, ஒஹையோ மாதிரி கவுண்டிக்குக் கவுண்டி முறை மாறும் மாநிலமாக.