குவில்ட் பேட்டர்ன் அளவு மாற்றிக் கொடுப்பவர்களிடம் ஜாக்கிரதை: 4,200 போச்சு

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வழக்கம்போல ‘போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுவேன்.

குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) பேட்டர்னை எந்த அளவுக்கு வேண்டுமானாலும் மாற்றித் தருகிறோம் என்று சொன்ன ஒரு ஆன்லைன் விற்பனையாளரால் எனக்கு 4,200 நஷ்டம். கோப்புக்கு 900, அதை நம்பி வெட்டிய துணிக்கு 3,300. கைவினைப் பொருட்களும் பேட்டர்ன்களும் விற்கும் தளம் ஒன்றில் கடை வைத்திருக்கிறார்கள். பெயரை எழுதப் போவதில்லை, ஆனால் இந்த மாதிரி ஆட்களை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிய வேண்டும்.

தங்கைக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. என்னிடம் ஒரு பழைய சாம்ப்ளர் பேட்டர்ன், அதாவது பல டிசைன்கள் கலந்த பேட்டர்ன், இருக்கிறது. 20 பிளாக் (துண்டுகளை இணைத்துத் தைக்கும் சதுரக் கட்டம்), தைத்து முடித்தால் ஒவ்வொன்றும் 12 இன்ச். நாலுக்கு ஐந்தாக அடுக்கினால் 48க்கு 60 வரும். குழந்தை அதற்குள் தொலைந்துபோகும். அதே பிளாக்குகளை 9 இன்ச்சாக்கினால் 36க்கு 45, தொட்டில் குழந்தைக்குக் கச்சிதம். நானே கணக்குப் போட்டிருக்கலாம். இருபது பிளாக்குக்கும் சதுரம், முக்கோணம், பட்டை என்று உட்கார்ந்து போடச் சோம்பல். அந்தச் சோம்பலுக்குத்தான் இந்த 4,200.

நம்பியது எப்படி என்று கேட்பீர்கள். பணம் அனுப்புவதற்கு முன்பு அவர்கள் ஒன்று கேட்டார்கள்: “மேடம், தையலுக்குக் கால் இன்ச்தானே விடுவீங்க?” விழுந்துவிட்டேன். தொழில் தெரியாதவர் கேட்கிற கேள்வியா இது? அளவு மாற்றுவதில் முடிச்சே அந்தக் கால் இன்ச்சில்தான் இருக்கிறது. பிளாக் சிறிதானாலும் பெரிதானாலும் தையலுக்கு விடும் துணி மாறக் கூடாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வேலை செய்கிறார்களே என்று மனசு குளிர்ந்துபோய், மாதிரிக்கு ஒரு பிளாக் கூட தைத்துப் பார்க்காமல் இரண்டு ராத்திரியில் இருபதுக்கும் துணியை வெட்டி முடித்தேன். முட்டாள்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் நைன் பேட்ச் தைத்தேன். வரிசைக்கு மூன்றாக ஒன்பது சதுரம், ரொம்ப எளிமையான பிளாக். ஓரத் தையலுக்கான துணியோடு சேர்த்து 9½ வந்திருக்க வேண்டும். 9⅛ வந்தது. மூன்று நூல் குறைச்சல் (ஒரு நூல் என்றால் ⅛ இன்ச்). என் தையல்தான் தடித்துப்போய்விட்டது என்று நினைத்து மொத்தத்தையும் பிரித்தேன். மறுபடி தைத்தேன். மறுபடியும் அதே 9⅛. சரி, அடுத்த பிளாக் போகட்டும் என்று, வரிசைக்கு ஆறு துண்டு வரும் பிளாக்கை எடுத்தேன். அது 8¾. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. ஒன்றாக இணைய வேண்டிய இரண்டு பிளாக்குக்கு நடுவே மூன்று நூல் வித்தியாசம். ஆக, கை கோணல் இல்லை, கணக்குத்தான் கோணல்.

பழைய பேட்டர்னை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பழையதில் நைன் பேட்ச் சதுரம் வெட்டும் அளவு 4½. இவர்கள் கொடுத்தது 3⅜. அதாவது, 12 இன்ச் 9 ஆவதால் 4½ஐயும் அப்படியே முக்கால் பங்காக்கிவிட்டார்கள். தையலுக்கு இரண்டு பக்கமும் கால் கால் இன்ச்சாக விட்ட அரை இன்ச்சும் சேர்ந்தே சுருங்கிவிட்டது. செய்ய வேண்டியது என்ன? முதலில் அந்த அரை இன்ச்சைக் கழித்தால் 4. அதில் முக்கால் பங்கு 3. திரும்ப அரை இன்ச் கூட்டினால் 3½. ஒரு துண்டுக்கு ஒரே ஒரு நூல்தான் வித்தியாசம், ஆனால் வரிசைக்கு மூன்று துண்டு என்றால் மூன்று நூல், ஆறு துண்டு என்றால் முக்கால் இன்ச். 3⅜ என்பது ஸ்கேலில் கோடு போட்டே இருக்கும் அளவு என்பதால் பார்த்தவுடன் சந்தேகமும் வராது. முக்கோணம் இன்னும் மோசம். தைத்து முடித்தபின் 4 இன்ச் வர 4⅞ சதுரத்தை மூலைக்கு மூலை குறுக்கே வெட்டுவோம், 3 இன்ச்சுக்கு 3⅞. இவர்கள் முக்கால் பங்கு போட்டு, வந்த பின்னத்தை வசதிக்குச் சுருக்கி 3⅝ என்று எழுதியிருந்தார்கள். இரண்டு நூல் போச்சு.

கால் இன்ச்சா என்று கேட்டார்களே, அந்தப் பதிலை என்னதான் செய்தார்கள்?

எழுதினேன். முதல் பதில்: “துணியைத் துவைக்காம வெட்டினீங்களா? சுருங்கியிருக்கும்.” வெட்டிய பிறகு தண்ணீரையே பார்க்காத துணி. இரண்டாவது: “பிரிண்டர் செட்டிங்கைப் பாருங்க.” நான் பிரிண்டே எடுக்கவில்லை, எழுதியிருந்த அளவைப் பார்த்து ஸ்கேல் வைத்து வெட்டினேன். மூன்றாவது: “உங்களுக்குத் தையல் புதுசா மேடம்?” இதற்கு நான் எழுதிய பதிலை இங்கே போட முடியாது.

நாலாவதுதான் உச்சம்: “3/16 இன்ச்சில் தைங்க, சரியா வரும்.” கால் இன்ச்சில் முக்கால் பங்கு 3/16. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு முக்கால் பங்காக்கியதை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! சதுரங்களுக்கு அது கணக்குப்படி சரியாகக்கூட வரும். சுருக்கி எழுதிய முக்கோணங்களுக்கு அதுவும் வராது. பிறகு, குழந்தைத் துணி, வாரத்துக்கு நாலு முறை துவைக்க வேண்டியது. அவ்வளவு ஒட்டித் தைத்தால் பிசிறு விட்டுத் தையல் பிரியாதா? கேட்டேன். அத்தோடு பதில் நின்றது.

தளத்திடம் போனேன். விற்பவரிடம் பேசுங்கள் என்றார்கள். பேசிவிட்டேன் என்று படங்களோடு அனுப்பினேன். டிஜிட்டல் கோப்புக்குப் பணம் திரும்பாது என்று ஒரு வரி, புகார் மூடப்பட்டது என்று இன்னொரு வரி. 900க்கே இந்தக் கதி என்றால் 3,300க்குத் துணி வீணானதை யாரிடம் சொல்வது? ஆகமொத்தம் 4,200.

அளவு மாற்றுவது எப்படி என்று முழுசாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். யார் கணக்குப் போட்டுக் கொடுத்தாலும் ஒரு சதுரத்தை எடுத்து, அரை இன்ச் கழித்து, வரிசையில் எத்தனை துண்டோ அதால் பெருக்கிப் பாருங்கள். பிளாக் அளவு வராவிட்டால் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். வரிசைக்கு ஏழு கட்டம் வரும் பிளாக்கை 12 இன்ச்சாக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நில்லுங்கள், 12ஐ ஏழால் வகுத்தால் ஸ்கேலில் பிடிக்கிற அளவு வராது. அதற்கு 7, 10½, 14 என்று போக வேண்டும். காகிதத்தின் மேல் தைக்கும் பேட்டர்னாக இருந்தால் படத்தைச் சுருக்கலாம், ஆனால் சுற்றி வரும் கால் இன்ச்சைப் புதிதாக வரைந்துகொள்ளுங்கள். பிரிண்ட் 100 சதவீதத்தில் இருக்கட்டும். ஒரு பிளாக் தைத்துப் பார்க்காமல் மீதியை வெட்ட வேண்டாம், என்னை மாதிரி.

நைன் பேட்ச் மட்டும் ஐந்து பிளாக்குக்கு வெட்டினேன். தைத்ததுபோக 36 சதுரம் சும்மா கிடக்கிறது, எல்லாம் 3⅜. அதில் என்ன தைக்கலாம் என்று யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.