பேக்கரி கல்லாவுல 16 வருசம்: 10 ரூபா காசும் 10 ரூபா நோட்டும், என் அனுபவம்

கோபி பக்கம் மெயின்ரோட்டு மேல எங்க பேக்கரிங்க. 2009ல ஆரம்பிச்சது, அன்னையில இருந்து கல்லாவுல நாந்தான். அதே வருசந்தான் ரெண்டு கலர்ல 10 ரூபா காசும் பொழக்கத்துக்கு வந்துச்சு, அதனால அந்தக் காசு பட்ட பாடு மொத்தமும் என் கண்ணு முன்னாடி நடந்ததுங்க. டீ, தேங்கா பன், பப்ஸ்னு பத்து இருவதுல ஓடற யாவாரம். ஒரு நாளைக்கு எத்தனை நோட்டு, எத்தனை காசு கையில வந்து போகும்னு கணக்கே இல்ல. ரெண்டுல எது ஒசத்தின்னு ரொம்ப நாளா எழுதோணும்னு இருந்தேன்.

நோட்டைப் பத்தி மொதல்ல சொல்லிர்றேன். காயிதம்னு சொல்றோமே தவிர அது முழுக்க பருத்திங்க, அதனாலதான் சட்டைப் பாக்கெட்டோட தொவைச்சு எடுத்தாலும் காஞ்சதும் பொழைச்சுக்குது. ஆனா எங்க கடை மாதிரி எடத்துல எண்ணெய்க் கை, டீ ஈரம், மழையில நனைஞ்சுட்டு வர்ற ஆளுக, மஞ்சக்காட்டு வேலை முடிச்சு வர்ற அக்காமாரு சுருக்குப்பையில இருந்து எடுத்துக் குடுக்கற நோட்டு, இப்படியே கை மாறி கை மாறி 10 ரூபா நோட்டு கொஞ்ச நாள்லயே பழந்துணி மாதிரி ஆயிருது. நடு மடிப்புல கிழிஞ்சு டேப் ஒட்டுனது தெனமும் ரெண்டு மூணாச்சும் வரும். அதை யாரும் திருப்பி வாங்க மாட்டாங்க, பேங்க்ல மாத்தலாம்னு பல பேருக்குத் தெரியறதில்லீங்க. 20 ரூபா வரைக்கும் உள்ள நோட்டுன்னா பாதிக்கு மேல துண்டு இருந்தாலே முழு மதிப்பு தரோணும், பாதி இல்லைன்னா ஒண்ணும் கெடைக்காது. 50ம் அதுக்கு மேலயும் உள்ள நோட்டுக்கு 80 சதவீதத்துக்கு மேல இருந்தா முழுசா, 40ல இருந்து 80 வரைக்கும்னா பாதி. நான் ஒரு கவர்ல போட்டு சேத்து வச்சு மூணு மாசத்துக்கு ஒருவாட்டி குடுத்து மாத்திக்கறேன். 2014ல 10 ரூபா நோட்டை பிளாஸ்டிக்ல அடிச்சு கொச்சி, மைசூர், ஜெய்ப்பூர், சிம்லா, புவனேஸ்வர்னு அஞ்சு ஊர்ல விட்டுப் பாக்கறதா பார்லிமெண்ட்ல சொன்னாங்க, நானும் ஆசையா எதிர்பாத்தேன், எங்க கல்லாவுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூட வரல.

காசுக்கு இந்தத் தொந்தரவே இல்லீங்க. 10 ரூபா காசு 7.71 கிராம், கையில விழுந்ததுமே கனம் தெரியும், சோப்புத் தண்ணியில போட்டு எடுத்தா புதுசு. பத்து பத்தா அடுக்கி வச்சா எண்ண வேண்டியதே இல்ல, ஒசரத்தைப் பாத்தே தெரியும். சும்மா உக்காந்திருக்கற நேரத்துல வருசத்துக்குக் கீழ பாப்பேன், டைமண்டு இருந்தா மும்பையில அடிச்சது, நட்சத்திரம்னா ஐதராபாத், புள்ளின்னா நொய்டா, ஒண்ணுமே இல்லைன்னா கல்கத்தா. கொறைன்னு சொன்னா 1 ரூபாவும் 2 ரூபாவுந்தான். 2007க்கு மேல வந்துச்சே வெரல் படம் போட்டது, அது ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளையா இருந்து வயசானவங்க எத்தனையோ பேரு 1 ரூபான்னு நெனைச்சு 2 ரூபாவைக் குடுத்துட்டுப் போயிருக்காங்க, நான் கூப்பிட்டுத் திருப்பிக் குடுப்பேன், எல்லாக் கடையிலயும் குடுத்திருப்பாங்களான்னு தெரியல. அப்பறம் கனம். 1000 ரூபாய்க்கு 10 ரூபா காசுன்னா முக்கால் கிலோவுக்கு மேல, 500 ரூபா நோட்டுன்னா ரெண்டே ரெண்டு.

இவ்வளவு நல்ல காசை எங்க பக்கம் ஒருத்தரும் தொட மாட்டேன்னு சொன்ன கதைக்கு வர்றேன். 2016 கடைசியில நோட்டு செல்லாதுன்னு ஆன சமயம், ஜனங்க பயந்து கெடந்தாங்க, அப்ப பாத்து 10 ரூபா காசும் செல்லாதாம்னு ஒரு பேச்சு கெளம்புச்சு. பத்து கோடு போட்டது நெசம், பதினஞ்சு கோடு போட்டது கள்ளக்காசு, ரூபா குறி இல்லைன்னா ஆகாதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு. அந்தக் குறியே 2010லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி அடிச்ச காசுல எப்படிங்க இருக்கும்? 2018 ஜனவரியில ரிசர்வ் பேங்கே 14 டிசைனும் செல்லும்னு அறிவிச்சாங்க, 14440க்கு மிஸ்டு கால் குடுத்தா அவங்களே கூப்பிட்டுச் சொல்ற ஏற்பாடு வேற. ஆனா எங்க ரோட்டுல பஸ்ல வாங்கல, மளிகைக்கடையில வாங்கல, ஒரு பேங்க்ல நான் கொண்டுபோன பைய்யவே "எண்ண ஆளில்லைங்க"ன்னு திருப்பி அனுப்புனாங்க. ஒருவாட்டி பாலக்காடு போனப்ப அதே காசை டீக்கடையில நீட்டுனேன், அந்தாளு பாக்கக்கூட இல்ல, டப்பாவுல போட்டுக்கிட்டாரு. வாளையார் தாண்டுனா செல்லுது, இக்கட்ட வந்தா செல்லல.

எங்க கடைக்கு எதுத்தாப்ல பூ விக்கற அக்கா ஒருத்தங்க. ஒரு நாள் பொழுதோட வந்து, "தம்பி, இன்னைக்கு யாவாரத்துல பாதி பத்து ரூபா காசாவே வந்துருச்சு, மல்லிப்பூ யாவாரி வாங்க மாட்டேங்கறாரு, நாளைக்குப் பூ எடுக்க காசில்ல சாமி"ன்னாங்க. கையில 340 ரூபா இருக்குது, ஆனா காசில்ல! அன்னைக்கு மாத்திக் குடுத்தேன், அதுல இருந்து வாரத்துக்கு மூணு தடவை மாத்திக் குடுக்கறேன். நூத்துக்கு அஞ்சு ரூபா கமிஷன் புடிச்சுட்டு மாத்தித் தர்றவங்களும் இருக்காங்க, அதை நெனைச்சாத்தான் எனக்கு ஆத்திரமா வரும், அந்த அஞ்சு ரூபா அந்தக்காவோட ஒரு மொழம் பூவுங்க.

நோட்டு மட்டும் என்ன வாழுதுன்னா, எங்க அமுச்சி (பாட்டிங்க) கதையச் சொல்லோணும். அவங்க 2018ல தவறுனதும் அட்டாலியில இருந்த தகர டப்பாவை எறக்குனோம். உள்ள பழைய 500 ரூபா நோட்டு ஒம்பது, யாருக்கும் சொல்லாம சேத்து வச்சது, செல்லாதுன்னு சொன்னப்பக்கூட வாயத் தொறக்கல பாருங்க, மருமகளுக்குத் தெரிஞ்சா வெசனப்படுவாங்கன்னு நெனைச்சாங்களோ என்னமோ. கவர்னர் கையெழுத்துப் போட்டு, கொண்டு வர்றவருக்கு ஐநூறு ரூபா தர்றேன்னு உறுதி குடுத்த நோட்டுங்க அது ஒவ்வொண்ணும். 2016 டிசம்பர் 30க்கு அப்பறம் அதை யாருகிட்டக் குடுக்க? பத்து நோட்டு வரைக்கும் வச்சிருந்தா தப்பில்லைன்னு சட்டத்துல இருக்குது, அதனால பத்திரமா வச்சிருக்கறேன்.

அதே டப்பாவுல துணியில முடிஞ்சு விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபா அஞ்சு. ஒவ்வொண்ணும் 11.66 கிராம், பன்னெண்டுல பதினொரு பங்கு வெள்ளி. அமுச்சி நாட்டு மருந்து இடிக்கறப்ப "ரெண்டு ரூபா எடை திப்பிலி"ம்பாங்க, அந்த ரூபாதான் இது, அதோட எடைதான் ஒரு தோலா. பத்தர்கிட்டக் கொண்டுபோனேன், அவரு எந்த ராசா எந்த ராணின்னு கேக்கவேயில்ல, தராசுல வச்சாரு, அன்னைக்கு வெள்ளி வெலையப் போட்டு தொகையச் சொல்லிட்டாரு. குடுத்த அரசாங்கமே போயாச்சு, காசுக்கு வெலை நிக்குது. கரூர்ல அமராவதி ஆத்து மணல்ல சேரர் காசும் ரோமானியர் காசும் கெடைக்குதுங்களே, அதுவும் இந்த மாதிரிதான். நான் விக்கல, அமுச்சி முடிஞ்ச துணியிலயே திருப்பி முடிஞ்சு வச்சுட்டேன்.

ஆனா அதை வச்சுக்கிட்டு இன்னைக்கு இருக்கற 10 ரூபா காசு நோட்டை விட மதிப்புன்னு நான் சொல்ல மாட்டேன். இன்னைக்கு காசை உருக்குனா பத்து ரூபா தேறாது, அதுவும் நோட்டு மாதிரி நம்பிக்கையில ஓடறதுதான். அப்படி இருக்கறப்ப நைஞ்சுபோன நோட்டை வாங்கிப்போம், நல்ல காசை வேண்டாம்போம்ங்கறது எனக்கு இன்னும் மனசுக்கு ஒப்பலீங்க. காசை வாங்கறதுக்கு சட்டத்துலயும் ஒரு அளவு இருக்குது, 2011 நாணயச் சட்டப்படி 1 ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள காசை ஒரு தடவைக்கு 1000 ரூபா வரைக்கும் குடுக்கலாம். அதுக்குள்ள யார் கொண்டாந்தாலும் நான் வாங்கிக்கறேன், மீதி குடுக்கறப்ப நோட்டு ஒண்ணு காசு ஒண்ணுன்னு கலந்து குடுக்கறேன். முன்னெல்லாம் பத்துல எட்டு பேரு காசைத் திருப்பி நீட்டுவாங்க, இப்ப ரெண்டு மூணு பேருதான், 20 ரூபா காசு பன்னெண்டு மூலையோட வந்ததுல இருந்து சின்னப் பசங்க கேட்டே வாங்கறாங்க. நேத்து கடை சாத்தறப்ப கல்லாவுல 10 ரூபா காசு 46 இருந்துச்சு, காலையில பூ அக்கா சில்லறை வேணும்னு வந்து அதுல இருவது எடுத்துட்டுப் போனாங்க.