ஓவுலேஷன் கிட்டா, டெம்பரேச்சர் சார்ட்டா?

ஓவுலேஷன்னா சினைப்பையிலிருந்து முட்டை வெளிய வர்றது. அது எப்பன்னு தெரிஞ்சுக்க, குழந்தைக்கு ட்ரை பண்றவங்களுக்கு நான் கிட்தான் சொல்வேன், ஏன்னா முட்டை வெளிய வந்தா 12-லிருந்து 24 மணி நேரம்தான் தாங்கும், ஆனா விந்தணு 5 நாள் வரைக்கும் உள்ள உயிரோட இருக்கும், அதனால முட்டை வர்றதுக்கு முந்தின நாட்கள்தான் ரொம்ப முக்கியம். யூரின்ல, ஓவுலேஷனைத் தூண்டுற எல்ஹெச் ஹார்மோன் திடீர்னு ஏறுறத கிட் காட்டிடும், அதுக்கப்புறம் பொதுவா 24-36 மணி நேரத்துல ஓவுலேஷன். பிசிஓஎஸ் (சினைப்பை சம்பந்தமான ஹார்மோன் பிரச்சனை) இருக்கறவங்களுக்கு மட்டும் எல்ஹெச் எப்பவுமே கூடுதலா இருக்கலாம், தப்பா பாசிட்டிவ் காட்டலாம், அதனால அவங்க கிட்டை மட்டுமே நம்பி இருக்காதீங்க ப்ளீஸ்.

உடம்பு டெம்பரேச்சர் தினமும் காலைல படுக்கைய விட்டு எந்திரிக்கறதுக்கு முன்னாடியே பாக்கணும், 0.2-0.5 டிகிரி செல்சியஸ் ஏறும், ஆனா ஏறுறதே முட்டை வந்த பிறகுதான், அந்த மாசத்துக்கு அது லேட். சில மாசம் எழுதி வச்சா ஓவுலேஷன் நடக்குதான்னு ஓரளவு புரியும், டாக்டர்கிட்ட காட்டலாம்.