அக்ரிலிக் ஓவியங்களை எங்கே விற்பது: கேலரி, இணையச் சந்தை, நேரடி விற்பனை

சொந்தமாக அக்ரிலிக் ஓவியங்களைத் தீட்டி விற்க முனையும் ஓவியருக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: கேலரியிடம் ஒப்படைத்து விற்பது, பல ஓவியர்களுக்குப் பொதுவான இணையச் சந்தையில் விற்பது, தம்முடைய இணையதளம் வழியாகவோ ஸ்டுடியோவிலிருந்தோ நேரடியாக விற்பது. இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் கமிஷன் சதவீதத்தையே முதலில் பார்க்கிறார்கள். எங்கே குறைவோ அங்கே விற்பதே நல்லது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த அளவுகோல் போதாது என்பது என் கருத்து. ஓவியத்தின் மேற்பரப்பு, அதன் அளவு, அது உலர்ந்திருக்கும் நிலை ஆகியவற்றை வைத்தே அது எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். ஒரே ஓவியரின் கையிலிருந்து வந்தாலும் எல்லா ஓவியங்களுக்கும் ஒரே வழி பொருந்துவதில்லை.

தனித்து விற்பதா, இடையில் ஒருவரை வைத்து விற்பதா என்ற கேள்வி இணையத்தோடு பிறந்ததன்று. 1874 ஏப்ரலில், பிற்காலத்தில் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பெயர் பெற்ற மோனே, பிசாரோ, தெகா உள்ளிட்ட சுமார் 30 ஓவியர்கள், அரசு சார்ந்த சலோன் கண்காட்சியை ஒதுக்கிவிட்டு, தாங்களே அமைத்த சங்கத்தின் பெயரில் பாரிசில் கண்காட்சி நடத்தினார்கள். அந்தச் சங்கம் கடனில் முடிந்து அதே ஆண்டின் இறுதியில் கலைக்கப்பட்டது. ஆனால் அவர்களில் பலருடைய ஓவியங்களை வாங்கி வைத்திருந்த வணிகர் பால் துராண்-ருயெல், 1886-இல் அவற்றை நியூயார்க்குக்குக் கொண்டு சென்று காட்டிய பிறகுதான் நிலையாக வாங்குவோர் கிடைத்தார்கள். தனித்து நின்றதால் அவர்களுக்குத் தங்கள் விருப்பப்படி தீட்டும் உரிமை கிடைத்தது. வாங்குவோரைத் தேடித் தந்ததோ வணிகரின் பொறுமை.

இனி பணக் கணக்கைப் பார்ப்போம். கேலரிகள் வழக்கமாக விற்பனை விலையில் 40 முதல் 50 சதவீதம் வரை எடுத்துக்கொள்கின்றன. ஓவியங்களுக்கென்றே நடக்கும் இணையச் சந்தைகளில் 30 அல்லது 40 சதவீதம் போவது சாதாரணம். எட்ஸி போன்ற பொதுக் கைவினைச் சந்தையில் 2022 ஏப்ரல் முதல் பரிவர்த்தனைக் கட்டணம் 6.5 சதவீதம், பார்வைக்கு மிகக் குறைவாகத் தோன்றும் இந்தக் கட்டணம் ஓவியத்தின் விலையின் மீது மட்டுமல்லாமல் வாங்குபவரிடம் வசூலிக்கும் அனுப்பும் செலவின் மீதும் விதிக்கப்படுவதால், பெரிய கேன்வாஸை மரப்பெட்டியில் அடைத்து அனுப்புபவருக்கு அது நினைத்ததைவிடக் கூடுதலாகவே வரும். சொந்த இணையதளத்தில் பணம் பெறும் சேவைக்கு ஏறத்தாழ 3 சதவீதம் கொடுத்தால் போதும்.

சதவீதத்தோடு மணி நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. ஓர் ஓவியத்தைத் தீட்ட 12 மணி நேரம் ஆகிறது, அதன் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கேலரி வழியாக விற்றால் ஓவியருக்கு 50 வரும். மணிக்கு நான்கிற்குச் சற்று மேல். நேரடியாக விற்றால் 97 வரும். ஆனால் அந்த ஓவியத்தைப் படம் எடுத்து, திருத்தி, விவரம் எழுதி, வாங்க நினைப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, பெட்டி செய்து, அனுப்பி முடிக்க இன்னும் 6 மணி நேரம் ஆனால் மணிக்கு ஐந்தரைக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். அதுவே 12 மணி நேரம் ஆகிவிட்டால் மணிக்கு நான்கு. அதாவது, தீட்ட எடுத்த நேரமே விற்கவும் தேவைப்பட்டால் கேலரியின் பாதிப் பங்கும் நேரடி விற்பனையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. சிறிய ஓவியங்களைத் தீட்டுவோருக்கு இது முக்கியமான செய்தி: ஓவியம் சிறிதானால் தீட்டும் நேரம் குறையலாம், ஆனால் விற்கும் நேரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை.

கேலரி அந்தப் பாதியை உழைத்து ஈட்டுகிறதா என்பது தனிக் கேள்வி. சரியான ஒளியமைத்து, வருவோரிடம் ஓவியத்தைப் பற்றிப் பேசி, தன்னுடைய பழைய வாடிக்கையாளர்களுக்கு எடுத்துக் காட்டி, காப்பீடும் செய்யும் கேலரிக்குப் பாதியைக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. வெறுமனே சுவரில் மாட்டிவிட்டுக் காத்திருக்கும் கேலரிக்குக் கால் பங்குகூட அதிகம். ஓவியரிடமே வாடகை வாங்கிக்கொண்டு சுவரைத் தரும் இடங்களை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவேயில்லை. அவற்றின் வருமானம் ஓவியரிடமிருந்தே வந்துவிடுகிறது. ஓவியம் விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்களுக்கு நட்டமில்லை என்பதால் விற்பதற்கான உந்துதல் அங்கே இருக்க முடியாது.

அடுத்தது ஓவியத்தின் மேற்பரப்பு. மூன்று வழிகளையும் உண்மையில் பிரித்துக் காட்டுவது இதுதான். இணையத்தில் ஓவியத்தை யாரும் வாங்குவதில்லை. ஓவியத்தின் புகைப்படத்தைப் பார்த்து, அதை நம்பிப் பணம் அனுப்புகிறார்கள். அக்ரிலிக்கின் பல நற்குணங்கள் புகைப்படத்துக்குள் வருவதில்லை. பேலட் கத்தியால் வெள்ளையைத் தடித்து எழுப்பி, அது உலர்ந்தபின் நீர்த்த தாலோ பச்சை என்ற அடர்ந்த பச்சையை மெல்லிய படலமாக அதன்மேல் ஓடவிட்ட ஓர் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். பச்சை பள்ளங்களில் தேங்கி இருண்டும் மேடுகளில் வழிந்து வெளிறியும் நிற்கும். பார்ப்பவர் ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் நிழல்கள் இடம்மாறி, அதே பச்சை வேறொரு பச்சையாகத் தெரியும். நேர் எதிரே நின்று எடுத்த புகைப்படத்தில் இது சற்று அழுக்கான பச்சைப் பரப்பாகவே விழுகிறது. பளபளப்பைத் தவிர்க்க விளக்குக்கும் லென்ஸுக்கும் போலரைசர் என்ற, பிரதிபலிப்பை வடிகட்டும் தகட்டைப் போட்டு எடுத்தால் கண்கூச்சம் போய்விடும், ஆனால் நிறம் உண்மையைவிட அடர்ந்து, தடிப்பும் தட்டையாகிவிடும். கோபால்ட் டீல், தாலோ டர்க்காய்ஸ் போன்ற நீலப்பச்சை நிறங்களின் முழுச் செறிவைச் சாதாரணத் திரைகளால் காட்ட முடியாது. கோணத்துக்கேற்ப நிறம் மாறும் வண்ணங்களையும் ஒளிரும் வண்ணங்களையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அளவும் திரையில் காணாமல் போகிறது. ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 1967-இல் ஒரு நீச்சல் குளத்தைக் காட்டி அக்ரிலிக்கில் தீட்டிய ‘எ பிக்கர் ஸ்பிளாஷ்’ தட்டையான, சீரான நிறப்பரப்புகளால் ஆனது என்பதால் அச்சில் மிக நன்றாக வருகிறது. ஆனால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 240 சென்டிமீட்டர் இருக்கும் அந்த நீலத்தின் முன் நிற்கும்போது உண்டாகும் உணர்வை எந்தப் பிரதியும் தருவதில்லை. ஆகவே தடித்த மேற்பரப்பும் பல அடுக்குப் படலங்களும் பெரிய அளவும் கொண்ட ஓவியங்கள் ஆட்கள் வந்து நிற்கக்கூடிய சுவருக்கே போக வேண்டும்; அது கேலரியாகவும் இருக்கலாம், திறந்த ஸ்டுடியோவாகவும் இருக்கலாம். கூர்மையான விளிம்புகளும் தட்டையான நிறமும் ஒன்றரை அடிக்கு உட்பட்ட அளவும் கொண்டவை திரையில் ஏறக்குறைய முழுமையாகத் தெரியும். அவை இணையத்துக்கு உரியவை.

நேரடி விற்பனையிலும் இணையச் சந்தையிலும் அடுத்த ஆபத்து ஓவியத்தைக் கொண்டு செல்லும் வண்டியில் இருக்கிறது. அக்ரிலிக் வண்ணத்திலிருந்து நீர் ஆவியாகும்போது பாலிமர்த் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. தொட்டால் ஒட்டாத நிலை சில நிமிடங்களில் வந்துவிடும். ஆனால் உள்ளே முழுமையாக இறுகுவதற்கு மெல்லிய பூச்சுக்கே சில நாட்களும் தடித்த பூச்சுக்கு வாரக் கணக்கிலும் ஆகும். இறுகிய பிறகும் அந்தப் படலம் வெப்பத்தில் இளகும், கடுங்குளிரில் விறைத்து வெடிக்கும். தீட்டிய மூன்றாம் நாளே வாங்குபவர் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் பபுள் ராப்பை நேராக ஓவியத்தின்மேல் சுற்றி அனுப்பினால், வெயிலில் நின்ற வண்டிக்குள் வண்ணம் இளகி, பெட்டியைத் திறக்கும்போது ஓவியம் முழுவதும் வரிசை வரிசையாகச் சிறு வட்டங்கள் பதிந்திருக்கும். பளபளப்பான இருண்ட பகுதிகளில் அவை மிகத் தெளிவாகத் தெரியும். அவற்றை நீக்க எளிய வழி எதுவும் இல்லை.

அதனால் நேரடியாக விற்பவர் ஓவியத்தைப் போதிய நாட்கள் உலரவிட்டு, வண்ணத்தையும் வார்னிஷையும் பிரிக்கும் தெளிந்த பூச்சு ஒன்றைக் கொடுத்து, அதன்மேல் பிற்காலத்தில் கழற்றக்கூடிய வார்னிஷ் அடித்து, கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாளையோ சிலிக்கோன் பூசிய தாளையோ மேலே வைத்து, குமிழ்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி பபுள் ராப்பைச் சுற்ற வேண்டும். கேன்வாஸைச் சுருட்டித்தான் அனுப்ப வேண்டும் என்றால் வண்ணப் பக்கம் வெளியே இருக்குமாறு, அகன்ற குழாயில், குளிரில்லாத காலத்தில் சுருட்ட வேண்டும். தடித்த ஓவியத்தைச் சுருட்டவே கூடாது. கேலரிக்கு ஓவியத்தை நாமே கொண்டு போய்ச் சேர்க்கிறோம், அங்கே மாதக் கணக்கில் தொங்கும்போது அது நன்றாக இறுகியும் விடுகிறது. ஒப்பீடுகளில் யாரும் குறிப்பிடாத இந்த நன்மையை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

திருப்பி அனுப்பும் உரிமையும் இதோடு சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொலைவிலிருந்து ஒரு வணிகரிடம் வாங்கும் நுகர்வோருக்குக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் விலக்கிக்கொள்ளும் உரிமை உண்டு. இணையச் சந்தைகள் பலவும் தங்கள் சொந்த விதியாகவே இதைப் போன்ற ஒன்றை வைத்திருக்கின்றன. திரையில் தெரியாத ஓவியத்தைத் திரையில் விற்றால் அது திரும்பி வரும் வாய்ப்பு கூடும். இரண்டு முறை பயணம் செய்த ஓவியம் அதே நிலையில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பக்கவாட்டு ஒளியில் எடுத்த ஒரு படத்தையும், ஓவியத்தை ஒரு நாற்காலியின் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரு படத்தையும், பயன்படுத்திய நிறமிகளின் குறியீடுகளையும் விவரத்தில் சேர்ப்பது இதற்கு நல்ல மருந்து. பிஆர்83 என்ற குறியீடு கொண்ட பழைய அலிசாரின் சிவப்பு ஒளியில் மங்கக்கூடியது என்றும், குயினாக்ரிடோன் சிவப்புகள் நீடித்து நிற்பவை என்றும் அறிந்த வாங்குபவர், இத்தகைய குறியீடுகளை எழுதும் ஓவியரை நம்புவார்.

வாங்கியவர் யார் என்று யாருக்குத் தெரியும் என்பது, என் பார்வையில், கமிஷனைவிடப் பெரிய வேறுபாடு. கேலரிகள் பலவும் வாங்கியவரின் பெயரை ஓவியருக்குச் சொல்வதில்லை. இணையச் சந்தைகளும் தங்களைத் தாண்டித் தொடர்பு கொள்வதைத் தடுக்கின்றன. நேரடியாக விற்கும்போது மட்டுமே அந்தப் பெயரும் முகவரியும் ஓவியரின் பதிவேட்டில் இருக்கும். ஒருமுறை வாங்கியவரிடம் இரண்டாவது ஓவியத்தை விற்பது முன்பின் அறியாத ஒருவரிடம் விற்பதைவிட எளிது என்பதோடு, பத்து ஆண்டுகள் கழித்து ஒரு கண்காட்சிக்காகப் பழைய ஓவியம் ஒன்றைக் கடனாகக் கேட்கவும், வார்னிஷைப் புதுப்பித்துத் தரவும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நேரடி விற்பனையின் உண்மையான இலாபம் மிச்சமாகும் சதவீதத்தில் இருப்பதைவிட இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

விலையைப் பொறுத்தவரை மூன்று வழிகளுக்கும் ஒரே விதிதான்: ஒரே அளவும் தன்மையும் கொண்ட ஓவியத்துக்கு எங்கும் ஒரே விலை. கேலரியில் 100 என்றிருப்பதை ஸ்டுடியோவில் 60-க்குக் கொடுப்பவரை கேலரி கைவிடும். 100 கொடுத்து வாங்கியவரும் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். பரப்பளவை வைத்து விலை போடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 10 அங்குலச் சதுரத்தைவிட 40 அங்குலச் சதுரம் பரப்பளவில் 16 மடங்கு. நீளத்தையும் அகலத்தையும் கூட்டி விலை போட்டால் அது 4 மடங்காகவே இருக்கும். தொடக்கத்தில் இருப்பவருக்கு, பெரிய ஓவியங்களை எட்டாத விலைக்குத் தள்ளாத இரண்டாவது முறையே பொருத்தம்.

வாங்குபவர் கேட்டபடி தீட்டித் தருவதும் ஓவியத்தின் அச்சுப் பிரதிகளான பிரிண்டுகளும் துணை வழிகள்தாம். முன்பணம் வாங்கிய பிறகே தூரிகையைத் தொட வேண்டும் என்பதைத் தவிர முதலாவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிரிண்டைப் பொறுத்தவரை, மூல ஓவியத்தை விற்றுவிட்டாலும் பதிப்புரிமை பொதுவாக ஓவியரிடமே இருக்கும். எழுத்து மூலம் விட்டுக்கொடுத்தால்தான் போகும். வாங்குபவர் கேட்டுத் தீட்டும் உருவப்படங்களுக்கு மட்டும் சில நாடுகளின் சட்டம் வேறுவிதமாக இருப்பதால் அங்கே முன்கூட்டியே எழுதிக்கொள்வது நல்லது.

மூன்று வழிகளையும் கலந்து நடத்துபவருக்குக் கேலரி ஒப்பந்தமே மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய தாள். விற்கும்வரை ஓவியத்தின் உரிமை ஓவியருடையது என்பது அதில் வெளிப்படையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேலரி கடனில் மூழ்கும் நாளில் சுவரில் இருப்பதெல்லாம் கடன்காரர்களின் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். விற்றபின் எத்தனை நாட்களில் பணம் வரும், தள்ளுபடி கொடுத்தால் அது யார் பங்கிலிருந்து போகும், சேதத்துக்கு யார் பொறுப்பு என்பனவும் எழுதப்பட வேண்டும். இவற்றோடு, கேலரியின் சுவரில் ஓவியத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் ஓவியரின் இணையதளத்துக்கு வந்து வாங்கினால் கேலரிக்குக் கமிஷன் உண்டா, எவ்வளவு, எத்தனை மாதங்கள் வரை என்பதும் இருக்க வேண்டும். அந்த வாங்குபவரைக் கொண்டுவந்தது கேலரியின் சுவர் என்பதால் கமிஷன் கொடுப்பதே நியாயம் என்று நான் கருதுகிறேன். ஆனால் கால வரம்பு எழுதப்படாத தாளில் ஓவியர் கையெழுத்திடக் கூடாது.